கடலியல் வரலாறு – 9: தட்டில் வளராத உயிர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் கடலியல் தனியொரு துறையாக உருப்பெற்றபோது, கடல்வாழ் சிற்றுயிர்களை அறிவதற்கான முதன்மைக் கருவியாக வலையே இருந்தது. மாவு சலிப்பதற்கென நெய்யப்பட்ட நுண்ணிய பட்டுத் துணியால் தைத்த வலையைக் கப்பலின் பின்னால் இழுத்து, அதில் சிக்கியவற்றை வகைபிரித்து எண்ணி எழுதுவதே அன்றைய ஆய்வாளரின் பணியாக இருந்தது. வலையின் கண் வழியே நழுவிச் சென்றவற்றைப் பற்றி அந்தக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. முந்தைய பகுதியில் விரிவாகப் பார்த்த 'சேலஞ்சர்' பயணத்தின்போது (1872–76), தாமஸ் ஹக்ஸ்லி 1868-இல் கடலடிச் சேற்றில் கண்டதாக அறிவித்த 'பாத்திபியஸ்' என்னும் ஆதி உயிர்க்கூழ், மாதிரியைக் கெடாமல் வைக்க ஊற்றிய சாராயத்தால் கடல்நீரிலிருந்து படிந்த கால்சியம் சல்பேட்டே என்று அந்தக் கப்பலின் வேதியியலர் ஜான் யங் புக்கானன் கண்டறிந்தார். பார்க்கும் முறையே, இல்லாத ஓர் உயிரைப் படைத்துவிடக்கூடும் என்பதற்கு அது சான்று. பார்க்கும் முறையே, இருக்கின்ற கோடானுகோடி உயிர்களை மறைத்துவிடவும் கூடும் என்பதைக் கடல் நுண்ணுயிரியலின் முதல் நூறாண்டுகள் காட்டுகின்றன.

கடலின் ஆழத்திலும் பாக்டீரியாக்கள் உண்டு என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பிரான்சின் 'திராவயேர்', 'தலிஸ்மான்' கப்பல்கள் 1882, 1883 ஆண்டுகளில் கொண்டுவந்த நீரையும் சேற்றையும் ஆராய்ந்த அத்ரியன் செர்த், ஐயாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த மாதிரிகளிலும் வளரக்கூடிய நுண்ணுயிர்கள் இருப்பதைக் கண்டார். 1889-இல் விக்டர் ஹென்சன் தலைமையில் சென்ற ஜெர்மானிய மிதவையுயிரிப் பயணத்தில் கலந்துகொண்ட கடற்படை மருத்துவர் பெர்ன்ஹார்ட் ஃபிஷர், அட்லாண்டிக்கின் பல இடங்களில் எடுத்த நீரை ஆராய்ந்து 1894-இல் கடல் பாக்டீரியாக்களைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இவர்கள் அனைவரும் கைக்கொண்டது மருத்துவ நுண்ணுயிரியலிலிருந்து வந்த முறை. ராபர்ட் கோக் 1880-களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்திய அந்த முறையில், சத்துப் பொருள் கலந்த கூழைத் தட்டில் உறையவைத்து அதன்மேல் மாதிரியைப் பரப்பினால், ஒவ்வொரு பாக்டீரியாவும் இருந்த இடத்திலேயே பெருகி, வெறும் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாக, அதாவது ஒரு காலனியாக, திரளும். காலனிகளை எண்ணினால் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும் என்பது அதன் அடிப்படை. கூழை உறையவைக்கும் அகர், கடலில் வளரும் சிவப்புப் பாசிகளிலிருந்து எடுக்கப்படுவது. ராமேசுவரம், மண்டபம் கரைகளில் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அவ்வகையினதே. உலகின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடங்கள் எல்லாம் நம்பி நின்ற ஒரு பொருளைக் கடலே கொடுத்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது.

காலனி எண்ணும் முறை மருத்துவத்தில் பெரும் வெற்றி கண்டதற்குக் காரணம், நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பல மனித உடல் என்னும் சத்து மிகுந்த சூழலுக்குப் பழகியவை என்பதே. கடலின் நிலை வேறு. ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளில் உள்ள கார்பன் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி எளிதில் உண்ண முடியாத பழைய எச்சம். இந்த வேறுபாட்டின் முழுப் பொருளும் விளங்குவதற்கு முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

இடையில், வலைக்குத் தப்பிய உயிர்களின் முதல் தடயம் எதிர்பாராத ஒரு மூலையிலிருந்து வந்தது. கீல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் லோமன், வாலுடைய சிறு கடல்விலங்குகள் தம்மைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் சளிக்கூட்டில் நுண்ணிய வடிகட்டி ஒன்று இருப்பதையும், பட்டு வலையில் ஒருபோதும் அகப்படாத மிகச் சிறிய உயிர்கள் அதில் சிக்கியிருப்பதையும் கண்டார். விலங்கு பிடிப்பதை மனிதரின் வலை பிடிக்கவில்லை என்று தெரிந்ததும், கடல்நீரை மையவிலக்குக் கருவியில் சுழற்றி வண்டலை ஆராயத் தொடங்கிய அவர், குள்ள மிதவையுயிரிகள் என்று பொருள்படும் 'நானோபிளாங்டன்' என்ற சொல்லை 1911-இல் வழங்கினார். கடலியலின் வரலாற்று நூல்கள் லோமனுக்குத் தரும் இடம் அவருடைய நுண்ணறிவுக்குப் போதாது.

கடல் நுண்ணுயிரியலைத் தனித் துறையாக நிலைநிறுத்தியவர் கிளாட் சொபெல். 1932-இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் சேர்ந்த அவர், கடலில் காணப்படும் பாக்டீரியாக்கள் நிலத்திலிருந்து ஆறுகள் அடித்து வந்தவை மட்டுமல்ல, கடலுக்கே உரியவையும் உண்டு என்பதை நிறுவப் பல ஆண்டுகள் உழைத்தார். ஆழத்தில் திறந்து மூடும் மாதிரிக் குப்பியை வடிவமைத்தார். முதிரவைத்த கடல்நீரில் பெப்டோனையும் சிறிதளவு இரும்புப் பாஸ்பேட்டையும் அகரையும் கலந்த '2216' என்னும் வளர்ப்பு ஊடகத்தை உருவாக்கினார். அந்த எண்ணைத் தாங்கிய ஊடகம் இன்றும் ஆய்வுக்கூடங்களுக்கு விற்பனையாகிறது. 1946-இல் வெளிவந்த அவருடைய 'கடல் நுண்ணுயிரியல்' என்ற நூல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்துறையின் பாடநூலாக விளங்கியது. 1951-இல் டென்மார்க்கின் 'கலாத்தியா' பயணத்தில் கலந்துகொண்டு, பிலிப்பைன்ஸ் அகழியில் பத்தாயிரம் மீட்டருக்கும் கீழிருந்து வந்த சேற்றில் உயிருள்ள பாக்டீரியாக்கள் இருப்பதை அவரும் அவருடைய மாணவர் ரிச்சர்ட் மொரிட்டாவும் காட்டினர். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்கு அழுத்தத்திலும் உயிர் உண்டு என்பது அதனால் உறுதியாயிற்று.

சொபெலின் மற்றொரு கண்டுபிடிப்பு இன்னும் ஆழமாகக் கவனிக்கத்தக்கது. கடல்நீரைக் குப்பியில் அடைத்து வைத்தால், எதையும் சேர்க்காமலே சில நாட்களில் அதிலுள்ள பாக்டீரியாக்கள் பன்மடங்கு பெருகுகின்றன என்றும், குப்பி சிறிதாக இருந்தால் பெருக்கம் மிகுகிறது என்றும் அவர் 1930-களில் கண்டார். சிறிய குப்பியில் நீரின் அளவோடு ஒப்பிடும்போது கண்ணாடிப் பரப்பு அதிகம்; அந்தப் பரப்பில் கரிமப் பொருள் ஒட்டித் திரள்வதால், அங்கே பற்றிக்கொள்ளும் பாக்டீரியாக்களுக்கு உணவு கிடைக்கிறது என்று அவர் விளக்கினார். ஆய்வுக்கூடத்துக்கு வரும் கடல்நீர் வந்துசேர்வதற்குள்ளாகவே கடல்நீராக இருப்பதை நிறுத்திவிடுகிறது என்பதே இதன் உட்பொருள். இருந்தும் அவர் எண்ணியது தட்டில் வளர்ந்த காலனிகளைத்தான். கரையிலிருந்து விலகிய திறந்த கடலில் அம்முறை தந்த எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்குச் சில பத்துகளிலிருந்து சில நூறுகள் வரை இருந்தது. இவ்வளவு சிலவாக இருக்கும் உயிர்களால் கடலின் உணவுக் கணக்கில் பெரிய மாற்றம் ஏதும் நேராது என்று உயிரியலர் கருதியதில் வியப்பில்லை. தாவர மிதவையுயிரிகள் சூரிய ஒளியால் உணவு ஆக்குகின்றன; அவற்றைத் துடுப்புக்காலிகள் என்னும் சிறு கணுக்காலிகள் உண்கின்றன; அவற்றை மீன்கள் உண்கின்றன; இறந்தவை கடலடியில் விழுந்து பாக்டீரியாக்களால் மட்குகின்றன. இந்த நேர்கோட்டுச் சங்கிலியே பாடநூல்களில் இருந்தது.

1959-இல் ஹோல்கர் யானாஷ், கேலன் ஜோன்ஸ் ஆகிய இருவரும் ஒரே கடல்நீரைப் பல முறைகளில் எண்ணி ஒப்பிட்ட கட்டுரை வெளிவந்தது. நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணியபோது கிடைத்த தொகை, தட்டில் வளர்ந்த தொகையைப் போல் குறைந்தது பத்து மடங்குக்கு மேல் இருந்தது. சில மாதிரிகளில் ஆயிரக்கணக்கான மடங்காக இருந்தது. விருந்துக்கு வந்து இலையில் அமர்ந்தவர்களை மட்டும் எண்ணி ஊரின் மக்கள்தொகையைச் சொன்னது போல அதுவரை நடந்திருக்கிறது என்பது அந்த அட்டவணையிலேயே எழுதப்பட்டிருந்தது. ஆயினும் துறை உடனே திரும்பவில்லை. நுண்ணோக்கியில் தெரியும் அரை மைக்ரான் அளவுள்ள புள்ளிகளில் எது பாக்டீரியா, எது துகள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அவை பாக்டீரியாவே ஆனாலும் இறந்தவையாகவோ உறங்குபவையாகவோ இருக்கலாம் என்ற இரண்டு மறுப்புகளும் அன்றைய கருவிகளை வைத்துப் பார்த்தால் நியாயமானவையே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண ஒளி நுண்ணோக்கி அதன் திறனின் எல்லையில் நின்று காட்டும் உருவத்தைப் பற்றி ஐயம் எழுவது இயல்பு.

உறங்குகின்றன என்ற கருத்துக்கு 1968-இல் நேர்ந்த ஒரு விபத்து வலுவூட்டியது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் 'ஆல்வின்' நீர்மூழ்கி, அவ்வாண்டு அக்டோபரில் இறக்கப்படும்போது கம்பிவடங்கள் அறுந்து ஏறத்தாழ 1,540 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. உள்ளே இருந்தவர்கள் தப்பினர், அவர்களின் மதிய உணவு உள்ளேயே தங்கிவிட்டது. பத்து மாதங்களுக்கு மேல் கழித்து நீர்மூழ்கியை மீட்டபோது, நீரில் ஊறிய இறைச்சி சாண்ட்விச்சுகளும் ஆப்பிள்களும் குடுவையிலிருந்த இறைச்சிச் சாறும் ஏறத்தாழ உண்ணத்தக்க நிலையில் இருந்தன. அதே உணவைக் கடலடியின் குளிருக்கு நிகரான குளிர்பெட்டியில் வைத்தபோது சில வாரங்களில் கெட்டுப்போயிற்று. யானாஷும் உடன் பணியாற்றியவர்களும் இதைத் தொடர்ந்து மாதிரிப் பொருட்களை ஆழ்கடலில் ஓராண்டு வரை வைத்துச் சோதித்து, ஆழத்தில் மட்கும் வேகம் மிகக் குறைவு என்று 1971-இல் அறிவித்தனர். ஆழ்கடலின் அழுத்தத்தை விரும்பி, அந்த அழுத்தத்தில்தான் நன்கு வளரும் பாக்டீரியாக்கள் 1979 முதல் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் அரிஸ்டைட்ஸ் யயானோஸால் தனித்து வளர்க்கப்பட்டபோது இந்தச் சித்திரம் மாறியது. ஆனால் எழுபதுகளில், கடலின் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் செயலற்றவை என்ற எண்ணத்துக்கு ஆல்வினின் உணவுப் பெட்டி பலரும் சுட்டிய சான்றாக இருந்தது.

இதற்கு மாறான குரல் எண்ணிக்கையிலிருந்து வரவில்லை, மூச்சிலிருந்து வந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் பொமராய், கடல்நீரில் ஆக்சிஜன் செலவாகும் அளவை அளந்தபோது, அதில் பெரும் பங்கு வலையில் சிக்கும் விலங்குகளால் அல்ல, வலையைத் தாண்டிச் செல்லும் நுண்ணுயிர்களால் நிகழ்கிறது என்று கண்டார். மூச்சுவிடும் உயிர் உறங்கும் உயிராக இருக்க முடியாது. 1974-இல் அவர் எழுதிய சிறிய கட்டுரை, கடலின் உணவுச் சங்கிலி என்று கற்பிக்கப்பட்டதை உணவு வலையாகத் திருத்தி எழுத வேண்டும் என்றும், அதில் ஆற்றல் பாயும் பெருவழி நுண்ணுயிர்களின் வழியாகவே இருக்கக்கூடும் என்றும் வாதிட்டது. சான்றுகள் முழுமையாகத் திரள்வதற்கு முன்பே சரியான கேள்வியை எழுப்பிய கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

சான்று வந்த வழி, கடலுக்குத் தொடர்பில்லாத ஒரு தொழில்நுட்பத்தைச் சார்ந்திருந்தது. பாலிகார்பனேட் என்னும் மெல்லிய நெகிழித் தாளை அணு உலையில் வைத்து, யுரேனியம் பிளவுறும்போது சிதறும் துணுக்குகள் அதைத் துளைத்துச் செல்லுமாறு செய்து, அந்தத் தடங்களை வேதிப்பொருளால் அரித்தால், விட்டம் ஒத்த, நேரான துளைகள் கொண்ட வடிதாள் கிடைக்கும். அதற்கு முன் பயன்பட்ட செல்லுலோஸ் வடிதாள்கள் பஞ்சு போன்றவை ஆதலால், பாக்டீரியாக்கள் அவற்றின் உள்ளே புதைந்து பார்வைக்குத் தப்பின. புதிய தாளின் வழவழப்பான மேற்பரப்பில் எல்லா உயிரணுக்களும் ஒரே தளத்தில் தங்கின. 1977-இல் ஜான் ஹாபி, ரால்ஃப் டேலி, ஜாஸ்பர் ஆகிய மூவரும் வெளியிட்ட முறை இதுதான்: 0.2 மைக்ரான் துளை கொண்ட தாளை முதலில் கறுப்புச் சாயத்தில் தோய்த்து, அது தானாக ஒளிர்வதைத் தடுப்பது. கடல்நீரில் அக்ரிடின் ஆரஞ்சு என்னும் சாயத்தைச் சேர்த்து வடிகட்டுவது. பின்னர் நீல ஒளி பாய்ச்சும் நுண்ணோக்கியில் பார்ப்பது. அக்ரிடின் ஆரஞ்சு, உயிரணுவின் மரபுப் பொருளான நியூக்ளிக் அமிலங்களோடு பிணைந்து ஒளிர்வது. ஆகவே துகள் எது, உயிரணு எது என்ற பழைய ஐயம் பெரும்பாலும் நீங்கியது. கறுத்த பின்புலத்தில் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் மின்னிய புள்ளிகளை எண்ணியபோது, மேற்பரப்புக் கடல்நீரின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஐந்து லட்சம், பத்து லட்சம் என்ற அளவில் பாக்டீரியாக்கள் இருந்தன. ஒரு தேக்கரண்டிக் கடல்நீரில் ஒரு பெருநகரத்தின் மக்கள்தொகைக்கு நிகரான உயிர்கள் உள்ளன என்பது சில ஆண்டுகளில் உலகின் எல்லாக் கடல்களிலும் சரிபார்க்கப்பட்ட உண்மையாயிற்று.

அடுத்ததாக, அவை எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதை அறிய வேண்டியிருந்தது. ஸ்கிரிப்ஸில் ஃபரூக் அசாமும் அவருடைய மாணவர் ஜெட் ஃபுர்மனும் 1980-லும் 1982-லும் வெளியிட்ட ஆய்வுகளில், டி.என்.ஏ.வைக் கட்டுவதற்கு மட்டுமே பயன்படும் தைமிடின் என்ற பொருளில் கதிரியக்க ஹைட்ரஜனைப் பொருத்திக் கடல்நீரில் மிகச் சிறிதளவு சேர்த்து, குறுகிய நேரத்தில் எவ்வளவு பாக்டீரியாக்களுக்குள் சென்றது என்று அளந்தனர். புதிய டி.என்.ஏ. உருவாகிறது என்றால் உயிரணு இரண்டாகப் பிரியப் போகிறது என்று பொருள். வளர்ப்புத் தட்டும் வேண்டாம், நெடுநாள் குப்பியில் அடைப்பதும் வேண்டாம் என்பதால் சொபெல் கண்ட குப்பி விளைவையும் இம்முறை தவிர்த்தது. கரையோரக் கடல்நீரின் பாக்டீரியாக்கள் ஒரு நாளுக்கோ சில நாட்களுக்கோ ஒருமுறை இரட்டிப்பாகின்றன என்பது தெரிந்தது. உறக்கக் கருத்து அத்துடன் வலுவிழந்தது.

எனினும் ஒரு புதிர் எழுந்தது. இவ்வளவு வேகமாகப் பெருகுபவற்றின் எண்ணிக்கை ஏன் எப்போதும் மில்லிலிட்டருக்குப் பத்து லட்சத்தை ஒட்டியே நிற்கிறது? பெருகுவதற்கு நிகராக எதுவோ அவற்றை அழிக்க வேண்டும். 1983-இல் அசாமும், டென்மார்க்கின் டாம் ஃபென்செல் முதலான ஐவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதற்கு விடை தந்தது. சாட்டை போன்ற இழையை அசைத்து நீந்தும் ஓரணு உயிர்களான கசையிழையிகள் பாக்டீரியாக்களை மேய்கின்றன. கசையிழையிகளைக் குற்றிழையிகள் முதலிய சற்றுப் பெரியவை உண்கின்றன. அவற்றைத் துடுப்புக்காலிகள் உண்ணும்போது, பாக்டீரியாக்கள் பெற்ற உணவின் ஒரு பகுதி பழைய சங்கிலிக்குத் திரும்புகிறது. பாக்டீரியாக்களுக்கு அந்த உணவு எங்கிருந்து வருகிறது என்றால், தாவர மிதவையுயிரிகள் கசியவிடுவதும், மேயும் விலங்குகள் சிந்துவதுமான கரைந்த கரிமப் பொருளிலிருந்து. நீரில் கரைந்த இப்பொருளை வாயால் உண்ணும் எந்த விலங்காலும் பிடிக்க முடியாது. உயிரணுவின் மேற்பரப்பு முழுவதாலும் உறிஞ்சும் பாக்டீரியாவால் மட்டுமே அதைத் திரும்ப உடலாக்க இயலும். ஒளிச்சேர்க்கையால் கடலில் ஆகும் கார்பனில் பத்திலிருந்து ஐம்பது விழுக்காடு வரை இவ்வாறு பாக்டீரியாக்களின் வழியே செல்கிறது என்று அக்கட்டுரை மதிப்பிட்டது. இந்தச் சுற்றுவழிக்கு 'நுண்ணுயிர் வளையம்' என்று அவர்கள் இட்ட பெயர் நிலைத்தது. ஒவ்வொரு படியிலும் மூச்சால் கார்பன் இழக்கப்படுவதால், மீன்வரை சென்று சேர்வது சிறு பங்கே. ஆனால் அப்படி மூச்சுவிடும்போதும் கழிவை வெளியேற்றும்போதும் நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரில் விடுபட்டு மீண்டும் தாவர மிதவையுயிரிகளுக்கு உரமாகின்றன; சத்துக் குறைந்த நடுக்கடலில் உயிர் தொடர்வதற்கு இந்த மீள்சுழற்சியே ஆதாரம்.

அதே ஆண்டுகளில், உணவை ஆக்கும் பக்கத்திலும் கணக்கு குலைந்தது. 1979-இல் ஜான் வாட்டர்பரியும் குழுவினரும், ஆரஞ்சு நிறத்தில் தானே ஒளிரும் சைனெகோகாக்கஸ் என்ற நுண்ணிய நீலப்பச்சை பாக்டீரியா கடலெங்கும் பரவியிருப்பதை அறிவித்தனர். இரத்த அணுக்களை ஆராய வந்த, உயிரணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன்னால் ஓடவிட்டு அளக்கும் கருவியைக் கப்பலில் ஏற்றிச் சென்ற சாலி சிஸ்ஹோம், ராபர்ட் ஓல்சன் ஆகியோர், 1985-ஐ ஒட்டி, கருவியின் இரைச்சல் என்று ஒதுக்கிவிடக்கூடிய மங்கலான சிவப்புக் குறிகளை ஒதுக்காமல் துருவினர். அவை அரை மைக்ரானைச் சற்றே தாண்டிய விட்டமுள்ள, வழக்கமான பச்சையத்திலிருந்து மாறுபட்ட பச்சையத்தைக் கொண்ட ஓர் உயிர் என்று 1988-இல் வெளியாயிற்று. புரோகுளோரோகாக்கஸ் என்று பின்னர் பெயரிடப்பட்ட அது, ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் மிகச் சிறியது. எண்ணிக்கையிலும் அவற்றுள் உலகிலேயே மிகுதியானது அதுவே. மறு ஆண்டில் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் எண்ணிப் பார்த்தபோது, கடல்நீரில் பாக்டீரியாக்களைவிடவும் வைரஸ்கள் பன்மடங்கு மிகுதி என்பதும் வெளிப்பட்டது. பாக்டீரியாக்களை அழிப்பதில் கசையிழையிகளுக்கு நிகரான பங்கு வைரஸ்களுக்கும் உண்டு என்ற ஆய்வு அங்கிருந்து கிளைத்தது. அது அடுத்த பகுதிக்கு உரியது.

எண்ணிக்கை கிடைத்துவிட்ட பிறகும், எண்ணப்பட்டவை யாவை என்பது தெரியாமலே இருந்தது. தட்டில் வளர்பவற்றுக்கும் நுண்ணோக்கியில் தெரிபவற்றுக்கும் இடையிலான பெரும் இடைவெளிக்கு 1985-இல் ஜேம்ஸ் ஸ்டேலி, ஆலன் கொனோப்கா ஆகியோர் 'பெரும் தட்டெண்ணிக்கை முரண்' என்று பெயர் சூட்டினர். வளர்க்காமலே அடையாளம் காணும் வழியாக, ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் மரபணுவைக் கடல்நீரிலிருந்தே நேராகப் பிரித்து வரிசையைப் படிக்கும் முறை வந்தது. ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஜியோவனோனியும் குழுவினரும் அட்லாண்டிக்கின் சர்காசோ கடல்நீரில் இதைச் செய்து, அதுவரை எந்த ஆய்வுக்கூடமும் வளர்த்திராத ஒரு குடும்பத்தை 1990-இல் கண்டு, 'சார்11' என்று குறியிட்டனர். கடலின் மேற்பரப்பு நீரில் உள்ள பாக்டீரியாக்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று பின்னர் கணக்கிடப்பட்டது.

அதை வளர்ப்பதற்கு மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 2002-இல் மைக்கேல் ராப்பேயும் ஜியோவனோனியும் உடன் உழைத்தவர்களும் வெற்றி பெற்ற ஊடகத்தில் பெப்டோன் இல்லை, அகர் இல்லை. ஒரிகன் கரையின் கடல்நீரையே வடிகட்டி நுண்ணுயிர் நீக்கி, சிறிதளவு அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்த்து, அதில் ஒரு சில உயிரணுக்கள் மட்டுமே இருக்கும்படி மாதிரியை நீர்த்து, சிறு குழிகளில் விட்டுக் காத்திருந்தனர். சொபெலின் ஊடகத்தில் லிட்டருக்கு ஐந்து கிராம் பெப்டோன் இருந்ததை இதனோடு வைத்துப் பார்த்தால், முந்தைய நூற்றாண்டின் தட்டுகளில் இவ்வுயிர் ஏன் ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்பது விளங்கும். பெலாஜிபாக்டர் என்று பெயர் பெற்ற அது, வளர்ந்த பிறகும் நீரைக் கலங்கச் செய்வதில்லை. மில்லிலிட்டருக்குச் சில லட்சம் முதல் சில பத்து லட்சம் வரை, அதாவது கடலில் உள்ள அதே அடர்த்தியில், பெருக்கம் நின்றுவிடுகிறது. குழிகளில் எதுவும் வளர்ந்திருக்கிறதா என்பதை வெறும் கண்ணால் அறிய வழியில்லாததால், ஒவ்வொன்றிலிருந்தும் துளி நீரை எடுத்து, ஒளிரும் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் எண்ணித்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது.